ஆவன எந்த மாசம் வருதுங்க?

அரசாங்கத்தின் தமிழைத் திருத்தியவள் நான். எட்டாம் வகுப்புப் படிக்கும்போது, பேனாவால். பெருமைக்குச் சொல்லவில்லை. அதனால் எங்கள் காலனிப் பெண்கள் அத்தனை பேரும் பஸ் ஏறிப் பெரம்பலூர் போய் அசிங்கப்பட்டார்கள்.

எழுபதுகளின் நடுவில், குரும்பலூர்ப் பக்கம் எங்கள் காலனிக்கென்று ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஊர்த்தெருக் கிணற்றில் நாங்கள் இறைக்கக்கூடாது. குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். ஊர்த்தெருப் பெண்கள் யாருக்காவது மனசு வந்தால் ஊற்றுவார்கள். அந்த மனசு வருவதற்குள் பள்ளிக்கூடத்தில் மணி அடித்துவிடும்.

எலக்சன் வந்தால் மட்டும் எங்கள் மேல் எல்லாருக்கும் பாசம் பொத்துக்கொண்டு வரும். ஒருத்தர் என் அத்தையின் காலிலேயே விழப் போனார். "அடிபம்பு போட்டுத் தரேன் தாயீ" என்றார். ஜெயித்த பிறகு அவர் கார் எங்கள் பக்கம் ஒரே ஒருமுறை வந்தது, அதுவும் வழி தவறி.

"ஓட்டுப் போடற வரைக்கும் தாயீங்கறான், போட்டப்புறம் நீ யாருங்கறான். இனிமே எவன் பேச்சையும் நம்பறதா இல்ல. எழுத்துல வாங்கணும். எழுதுடி மனுவ!" என்று அத்தை என்னிடம் பாய்ந்தாள். அவளுக்கு அவசரம். மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்திருந்தாள். குடத்தை வைத்துக்கொண்டு இன்னொருத்தியின் மனசுக்காகத் தான் நிற்பதைச் சம்பந்தி வீட்டார் பார்த்துவிடக்கூடாது. அவ்வளவுதான் அவள் கேட்டது.

மாசியில் பதில் வந்தது. காலனியே கூடிவிட்டது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தேன்: "தங்கள் மனு மீது ஆவன செய்யப்படும்."

ஆவனவா? அப்படியொரு சொல்லை நான் கேள்விப்பட்டதே இல்லை. தெரியாது என்று சொன்னால் படித்தவள் மரியாதை என்னாவது? உற்றுப் பார்த்தேன். புரிந்துவிட்டது. ஆபீஸில் எவனோ தூக்கக் கலக்கத்தில் மூன்று சுழிக்குப் பதில் இரண்டு சுழி போட்டு, மேலே வளைவையும் விட்டிருக்கிறான். பேனாவை எடுத்துத் திருத்தினேன்.

"ஆவணியில செய்வாங்களாம்" என்று அறிவித்தேன்.

அத்தை அன்றே கல்யாணத்தை ஆவணியின் கடைசி முகூர்த்தத்துக்குத் தள்ளினாள். அதன்பிறகு கிணற்றடியில் யாராவது முகத்தைச் சுளித்தால், "இருடி, ஆவணி வரட்டும்" என்று முணுமுணுத்துக்கொள்வோம். அந்தக் கோடையை அப்படித்தான் ஓட்டினோம்.

ஆவணி வந்தது. பம்பு வரவில்லை. இருபது பெண்கள், ஆளுக்கொரு காலிக் குடத்தோடு பஸ் ஏறினோம். "இது என்ன பஸ்ஸா, பாத்திரக் கடையா?" என்று கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

எந்த ஆபீஸ் என்று சொல்லமாட்டேன். அங்கிருந்த கிளார்க் கடிதத்தைப் பார்த்தார். என் திருத்தத்தைப் பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்து மேஜைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"ஆவணி இல்லம்மா, ஆவன! ஆக வேண்டியதச் செய்வோம்னு அர்த்தம்."

பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. அத்தை என்னை ஒரு முறை முறைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"சரிங்க சார். அந்த ஆவன எந்த மாசம் வருதுங்க?"

சிரிப்பு நின்றது. "அதுக்கு மாசமெல்லாம் கெடையாதும்மா."

"மாசமே இல்லாததையா எழுதிக் குடுத்தீங்க? நான் கல்யாணத்துக்கு நாளு குறிச்சுட்டேனே!"

அத்தை விறுவிறுவென்று வெளியே போனாள். ஆபீஸ் வாசலில் இருந்த குழாயடியில் குடத்தை வைத்தாள். இருபது குடமும் நிறைந்தன. "பம்பு வர்ற வரைக்கும் தெனம் வந்து இங்கயே புடிச்சுக்கறோம்" என்றாள். சொன்னபடி மறுநாளும் போனோம். மூன்றாம் நாள் ஆபீஸில் டீ போடக்கூடத் தண்ணீர் இல்லை. பெரிய அதிகாரியே வாசலுக்கு ஓடி வந்தார்.

இரண்டே வாரத்தில் லாரி வந்து காலனியில் துளை போட்டது. கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி வீட்டாருக்கு அத்தை செம்பு செம்பாகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்தாள். பாவம், அவர்களுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த கோடையில் ஊர்த்தெருக் கிணறு வற்றியது. ஒரு மத்தியானம் நாலைந்து பெண்கள் எங்கள் பம்புக்குத் தள்ளி வந்து நின்றார்கள். முன்னால் நின்றவள், பள்ளிக்கூட மணி அடிக்கும்வரை என்னைக் காக்க வைத்தவள். எனக்குக் குதிக்கலாம் போல் சந்தோஷம். அற்பச் சந்தோஷம்தான், மறைப்பானேன்?

குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "கொஞ்சம் ஊத்துங்க" என்றாள். அந்த 'ங்க' அவள் வாயிலிருந்து வந்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஆவன செய்யப்படும்" என்றாள்.

நாங்கள் சிரித்த சிரிப்பில் அவள் முகம் செத்துவிட்டது. குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். அத்தை ஓடிப்போய்க் குடத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அட, எங்க போறீங்க? ஊத்தல்லாம் மாட்டேன். கை இருக்குல்ல, நீங்களே அடிச்சுக்கங்க."

அவள் பம்பின் பிடியைப் பார்த்தாள். நாங்கள் பிடித்துப் பிடித்து வழவழவென்று ஆகியிருந்த பிடி. கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அடித்தாள்.