அண்ணை கீறிய இறக்கை

என் ஒரேயொரு அண்ணை எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் தங்கை நான் அவரைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறேன்.

ஐயாவும் அம்மாவும் பெற்ற இருவரில் மூத்தவராக அண்ணை மயிலிட்டியில் பிறந்தார். ஐயா கடற்தொழிலாளி. பலாலியில் இறங்கும் விமானங்கள் எங்கள் வீட்டுக் கூரைக்கு மேலாகத்தான் பதிந்து வரும். அண்ணையின் கணிதக் கொப்பியைத் திறந்தால் கணக்கு இராது, விமானம்தான் இருக்கும். ஐயா ஏசாத நாளில்லை, அண்ணை திருந்திய நாளுமில்லை.

பிறகு, விமானச் சத்தம் கேட்டாலே பதுங்குகுழிக்குள் ஓடும் காலம் வந்தது. வானத்திலிருந்து விழுந்த குண்டுக்கு ஐயாவைப் பறிகொடுத்தோம். அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு பண்டத்தரிப்புக்கு வந்து, கூலிக்கு வெங்காயம் நட்டு வளர்த்தார்.

அண்ணை வெளிநாடு போய், பகலில் உணவகத்தில் கோப்பை கழுவி, மாலையில் படித்து, ஒரு விமானக் கம்பனியில் வரைபடம் கீறும் வேலையில் சேர்ந்தார். செய்தி கேட்ட அம்மா அன்று சாப்பிடவில்லை. தொலைபேசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"மோனை, உது குண்டு போடுற பிளேனே?"

"இல்லையம்மா. ரெண்டு எஞ்சின் பூட்டின சின்னப் பிளேன். சீற்றைக் கழட்டினா அரிசி மூட்டை ஏத்தலாம். வருத்தக்காரரைப் படுக்க வைச்சும் கொண்டுபோகலாம். குண்டு போடுற ஒண்டையும் நான் கீறமாட்டன். சத்தியம்."

"என்னத்தைச் சொன்னாலும் பிளேன் பிளேன்தானே" என்று அம்மா தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டார்.

விசிறி சுழலும் அந்த டர்போபுரொப் விமானத்தை உருவாக்கி முடிக்க ஒன்பது வருடங்கள் சென்றன. இறக்கைதான் அண்ணையின் பகுதி. கீறுவார்கள், செய்வார்கள், பிறகு பாரத்தைக் கூட்டிக் கூட்டி எதுவரை தாங்கும் என்று பார்ப்பார்கள். முதல் இறக்கை நினைத்ததற்கு முன்பே முறிந்துவிட்டது. அன்று அண்ணை தொலைபேசியில் அழுதார்.

"நாலு வருஷமாக் கீறினது பிள்ளை, நாலு நிமிஷத்திலை முறிஞ்சு போட்டுது."

"இப்ப முறிஞ்சது நல்லதுதானே அண்ணை. ஆக்களை ஏத்தினாப் பிறகு முறிஞ்சா?" என்றேன். சிரித்துவிட்டார். விமானம் செய்ததில் என் பங்கு அவ்வளவுதான்.

விமானம் முதன்முதலாகப் பறந்த காணொளியை எங்களுக்கு அனுப்பினார். மண் ஓடுபாதையில் கொஞ்சத் தூரம் ஓடி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு எழும்பியது. நான் பத்துத் தரம் பார்த்தேன். அம்மா பார்க்க மறுத்துவிட்டார். அண்ணை அதற்குக் கோபிக்கவில்லை. எனக்குத்தான் அம்மாவில் பொல்லாத கோபம்.

புற்றுநோய் அண்ணையை எட்டு மாதத்தில் கொண்டுபோய்விட்டது. இறுதிக் கிரியையை நானும் அம்மாவும் கைபேசியில் பார்த்தோம். அவரது மேலதிகாரி ஆங்கிலத்தில் பேசியதை வசனம் வசனமாக அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாட்டு இராணுவம் அதே விமானத்தை, இறக்கைக்குக் கீழே குண்டு கொளுவும் வசதியோடு கேட்டதாம். அதைக் கீறும் பொறுப்பு பதவி உயர்வோடு அண்ணையிடம் வந்ததாம். "அம்மாவுக்குச் சத்தியம் செய்திருக்கிறேன்" என்று மறுத்துவிட்டாராம். பதவி வேறொருவருக்குப் போனது. அந்த விமானத்தைக் கீறியதும் அந்த வேறொருவர்தான். அண்ணையோ கடைசிவரை தன் பழைய மேசையிலேயே இருந்தார். இதைப் பற்றி எங்களிடம் ஒருநாளும் வாய் திறக்கவில்லை.

 அம்மா சேலைத் தலைப்பால் கைபேசியில் தெரிந்த அண்ணையின் முகத்தைத் துடைத்தார்.

அண்ணையைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்த அண்ணிக்கும், வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், பனியிலும் வந்து பெட்டி சுமந்த நண்பர்களுக்கும், நாங்கள் அறியாததைச் சொன்ன அந்த மேலதிகாரிக்கும், இங்கே எங்களோடு இருந்து அழுத பண்டத்தரிப்பு அயலவர்களுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

மலரில் அம்மாவின் பேரில் என்ன போடுவது என்று அவரிடம் கேட்டேன்.

"அவன் சொன்ன சொல்லைக் காப்பாத்தினவன். நான்தான் அவனை நம்பேல்லை. அப்பிடியே எழுது."

எழுதிவிட்டேன், அண்ணை.