கர்ட்டிஸின் ஹெட்செட்டில் இருந்த கறை

தஸ்தகீர் பாய் பொல்லாத பிடிவாதக்காரர். கீழக்கரைக்காரர், என்னைவிட எட்டு வயது மூத்தவர். 2004இல் அமெரிக்காவில், ஹூஸ்டனை ஒட்டிய கேட்டியில் நாங்கள் இருவரும் ஒரே கம்பெனியில், எண்ணெய்க் கிணற்றுக்குள் இறக்கும் கருவிகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தோம். வார நாட்களில் நாலு வார்த்தை பேச மாட்டார். சனிக்கிழமை வந்தால் ஆளே வேறு. பழைய ராணுவச் சாமான் விற்கும் கண்காட்சி எங்கே நடந்தாலும் என்னையும் இழுத்துக்கொண்டு போய்விடுவார்.

உலகப் போரில் ஜெர்மன்காரன் காதில் மாட்டிய ஹெட்செட் எது, பிறகு எவனோ செய்து மண்ணில் புதைத்துப் பழசாக்கிய போலி எது என்று சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் அதைச் சொன்ன இடம்தான் ஆபத்தானது. மேஜைக்கு மேஜை துப்பாக்கி. நடுவில் தாடி வைத்த ஒரு தஸ்தகீர், அதுவும் இரட்டைக் கோபுரம் விழுந்து சூடு ஆறாத அந்த வருஷங்களில். இரண்டு முறை சட்டையைப் பிடித்திருக்கிறார்கள். ஒருமுறை ஒருவன் முகத்தில் துப்பினான். துடைத்துக்கொண்டு, "ஆனாலும் இது போலிதான்" என்றார்.

"எல்லாரும் முதல்ல கழுகு முத்திரையப் பாப்பாங்க பாலு. அத எவன் வேணா அடிப்பான். நீ இந்த பேக்லைட்ட, அந்தக் காலத்து பிளாஸ்டிக்க, கட்டை விரலால சூடு வர்ற வரைக்கும் தேய். மோந்து பாரு. ஆஸ்பத்திரி வாடை வரும். அப்புறம் மூணு எழுத்து ஃபேக்டரி கோட். அது சண்டை பாதி நடக்கும்போதுதான் வந்துச்சு. 1938ன்னு போட்டுட்டு கோடும் இருந்தா, எவனோ ஏமாத்துறான்."

"எத்தனையோ இருக்க, ஹெட்செட் எதுக்கு பாய்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"துப்பாக்கி தானா சுடாதுல்ல. 'சுடு'ங்கிற உத்தரவு முதல்ல வந்து விழுந்தது இதுலதான்."

பாய் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி கர்ட்டிஸ் என்ற அமெரிக்கன் இருந்தான். அறுபதை நெருங்கும் ஆள், பெரிய உடம்பு. ஒரு சனிக்கிழமை பாய் வீட்டுக்கு ஷூ டப்பாவோடு வந்தான். உள்ளே ஒரு ஹெட்செட். நார்மண்டியில் அவன் அப்பா ஒரு ஜெர்மன் டாங்கிக்குள் குதித்து, ரேடியோக்காரனின் கழுத்தை அறுத்து, தலையிலிருந்து பிடுங்கியதாம். காது மூடியைச் சுற்றிக் கருஞ்சிவப்பாக ஒரு கறை. "இது அவன் ரத்தம்" என்று தடவிக் காட்டினான். முன்னாள் ராணுவத்தினர் மன்றத்தில் அப்பாவின் படத்துக்குக் கீழே வைக்க வேண்டும், அசல் என்று பாய் எழுதித் தர வேண்டும். ஒரு வாரத்தில் தருவதாகப் பாய் வாங்கி வைத்தார்.

ஹெட்செட் அசல்தான். 1942. கறைதான் ரத்தம் இல்லை. காது மெத்தையின் ரப்பர் அறுபது வருஷத்தில் உருகி வழிந்து காய்ந்திருந்தது.

பாய் டப்பாவைச் சமையலறை மேடையில் வைத்ததுதான் வினை. அடுத்தவர் வீட்டுச் சாமானை அழுக்கோடு திருப்பிக் கொடுப்பது அவர் மனைவி ஹபீஸாவுக்கு மானக்கேடு. வந்த டப்பாவை வெறுமையாக அனுப்புவது அதைவிடக் கேவலம். தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்த்து, சோப்பு போட்டுக் கழுவி, ஹெட்செட்டைப் புதுசு போல ஆக்கிவிட்டாள். டப்பாவின் மீதி இடத்தில் ஃபாயிலில் சுற்றிய தொதல் அல்வாத் துண்டுகள்.

"பளபளன்னு ஆக்கிட்டேன்ல அண்ணே?" என்று என்னிடமே காட்டினாள். காது மூடியில் அந்தக் கறையே இல்லை.

"சாரின்னு மட்டும் சொல்லுங்க பாய்," என்றேன். "ரத்தம் இல்லன்னு வாயத் திறக்காதீங்க. கொன்னே போட்டுருவான்."

"ஹெட்செட் விஷயத்துல நான் பொய் சொன்னதில்ல பாலு."

ஹபீஸாவைக் காரில் இருக்கச் சொல்லிவிட்டு நாங்கள் இருவரும் டப்பாவைக் கொண்டுபோனோம். கர்ட்டிஸ் தன் கராஜில் அதைத் திறந்தான். எண்ணெய் வாசம். விரலால் தடவினான், மறுபடி தடவினான். தொதலை எடுத்துத் தரையில் அடித்தான். என் அப்பாவைக் கழுவிவிட்டாயா என்று கத்தினான். பாய் மன்னிப்புக் கேட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனால் அது ரத்தம் இல்லை, ரப்பர்" என்றார்.

பெஞ்சில் கிடந்த பெரிய ரெஞ்சை எடுத்து கர்ட்டிஸ் அவர் வலது காதோடு சேர்த்து அடித்தான். அந்தச் சத்தம் எனக்கு இன்னமும் கேட்கிறது. விழுந்தவரின் முதுகில் முழங்காலை வைத்து இன்னொரு அடி. மணிக்கட்டு ஒடிந்தது. பிறகு அந்த ஹெட்செட்டை எடுத்து, ரத்தம் கொட்டுகிற தலையில் மாட்டி, இரண்டு கையாலும் அழுத்தினான்.

"ரத்தம் இல்லை என்றாயே, இப்போது இருக்கிறது பார்."

நான் பத்தடி தூரத்தில், வாட்டர் ஹீட்டருக்குப் பின்னால் நின்றேன். ஹபீஸாதான் காரிலிருந்து ஓடி வந்து அவன் மேல் பாய்ந்து, முன்கையில் சதை பிய்யும்வரை கடித்தாள். அவன் அவளைச் சுவரில் எறிந்தான். போலீஸ் வரும்வரை நான் வெளியே வரவில்லை. வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல.

பாய்க்கு வலது காது கேட்காமல் போய்விட்டது. கர்ட்டிஸ் ஜெயிலுக்குப் போனான், அங்கேயே நெஞ்சுவலியில் செத்தான். பாய் என்னிடம் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. கண்காட்சிகளுக்கு முன்போலவே கூட்டிக்கொண்டு போனார்.

2007 கடைசியில் ஹூஸ்டனுக்குத் தெற்கே ஒரு கண்காட்சி ஹாலில் அந்த ஹெட்செட்டைப் பார்த்தோம். வழக்கு முடிந்து கர்ட்டிஸ் வீட்டுக்குப் போய், அங்கிருந்து விலைக்கு வந்திருக்க வேண்டும். பக்கத்தில் ஓர் அட்டை: நார்மண்டி 1944, ஜெர்மன் வீரனின் ரத்தத்துடன். பாய் எடுத்து, கட்டை விரலால் தேய்த்து, மோந்து பார்த்தார். கடைக்காரன் ஆர்வமாக, அசலா என்று கேட்டான்.

"ஹெட்செட் அசல். ரத்தமும் அசல். வருஷம்தான் தப்பு, 2004ன்னு மாத்துங்க" என்று பாய் இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னார். கடைக்காரன் ஜோக் என்று நினைத்துச் சிரித்தான்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. ஹெட்செட்டைப் பிடுங்கி சிமெண்ட் தரையில் ஓங்கி அடித்தேன். பூட்ஸ் காலால் மிதித்தேன். கடைக்காரனின் சட்டையைப் பிடித்து மேஜைமேல் தள்ளினேன். நாலு பேர் ஓடி வந்து என் கையை முறுக்கினார்கள்.

பாய் மண்டியிட்டுத் தரையில் உடைந்த சில்லுகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். அழுதுகொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் காது போனதென்று சொன்னபோதுகூட அழாத மனுஷன்.

"ஒரிஜினல்டா அது," என்றார். என்னை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. "அது உன்ன என்ன பண்ணுச்சு? அன்னைக்கு எங்கடா போச்சு இந்தக் கை?"

பிடித்திருந்தவர்கள் விட்டதும் நானும் குனிந்து ஒரு சில்லை எடுத்து நீட்டினேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.