கடலுக்குப் போனவர்களுக்கான செபம்

சமூகப்பணிப் படிப்பில் எங்களுக்குக் கிடைத்த முதல் பாடம், "வீடு பார்க்கப் போனால் உங்கள் சாமியை வாசலில் செருப்போடு விட்டுவிட்டுப் போங்கள்" என்பது. பேராசிரியை சொன்னால் சொன்னதுதான். எழுபதுகளில் அந்த வகுப்பில் பெரியதாழை மீனவக் கிராமத்திலிருந்து போனவள் நான் ஒருத்திதான். செபமாலை சொல்லாமல் எங்கள் வீட்டில் சோறு போடமாட்டார்கள். என்னிடம் போய், சாமியை விட்டுவிட்டு வா என்றால்?

பயிற்சிக்குத் திரேஸ்புரம் மீனவர் குடியிருப்புக்கு அனுப்பினார்கள். அங்கே கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண். புருஷன் போன வள்ளம் புயலில் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. மாதக்கணக்கில் அவள் யாரிடமும் பேசவில்லை. நான் போய் உட்கார்ந்து எழுந்து வந்ததுதான் மிச்சம். "அடுத்த முறையும் பேசாவிட்டால் மனநல ஆஸ்பத்திரிக்கு எழுதிவிடுவோம்" என்றார் பேராசிரியை. குழந்தையை அவளிடமிருந்து பிரித்துவிடுவார்களே என்று பயந்தேன்.

அந்த முறை சாயங்காலமாகப் போனேன். அவள் மாமியார் செபமாலையை எடுத்தார். ஓரமாக இருந்து கவனிக்க வேண்டிய நான், அந்தப் பெண்ணின் பக்கத்தில் முழந்தாளிட்டேன். ஊமையாகிவிட்டாள் என்றார்களே, அவள் உதடு என்னோடு சேர்ந்து அசைந்தது! எங்கள் வீடுகளில் செபமாலையின் கடைசியில் கடலுக்குப் போனவர்களுக்கு ஒரு செபம், இறந்தவர்களுக்கு ஒரு செபம். "உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்காக, எம் மவனுக்காக" என்று மாமியார் மகனை இறந்தவர்களோடு சேர்த்தார். இவள் உதடு பூட்டிக்கொண்டது.

எனக்குப் பொறி தட்டியது. "ஏளா, ஒம் புருசன எந்தச் செபத்துல சேக்கணும்?" என்று அவளிடமே கேட்டேன்.

"கடலுக்குப் போனவுக செபத்துல." குரல் கரகரத்தது. "அவுக இன்னும் கரையேறலக்கா."

"அவன் வரணும்னு பெத்தவளுக்கு ஆச இல்லையாளா?" என்று மாமியார் உடைந்து அழுதார். இருவரும் அழுதுகொண்டே பேசத் தொடங்கினார்கள். நான் இடையில் புகாமல் ஒதுங்கி உட்கார்ந்தேன். அதுவும் படித்த படிப்புதான்.

என் அறிக்கையைப் படித்துவிட்டு, "அங்கே போய் ஜெபம் செய்தாயா?" என்றார் பேராசிரியை.

"ஆமாம் மேடம். முழந்தாளிட்டதால்தான் அவள் உதட்டைப் பார்த்தேன். அப்புறம் கேட்ட கேள்வி நீங்கள் சொல்லிக்கொடுத்தது."

நேராகப் பார்த்துச் சொன்னேன். இதைப் பெருமையாகத்தான் எழுதுகிறேன்; அடக்கம் எனக்கு ஒத்துவராது. ஆஸ்பத்திரிப் பேச்சு அத்தோடு நின்றது.

பயிற்சியின் கடைசி நாள் பேராசிரியையும் உடன் வந்தார். செபம் முடியும் நேரம், மகனை எதில் சேர்ப்பது என்று மாமியார் தயங்கினார். மருமகளே குழந்தையை அணைத்துக்கொண்டு, "உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்காக, எம் புருசனுக்காக" என்றாள். செபத்தின் மறுபாதியைப் பதிலாகச் சொல்ல வேண்டிய மாமியார் முந்தானையில் முகம் புதைத்து அழுதார். பேராசிரியை பார்த்துக்கொண்டிருக்க, நான் சத்தமாகப் பதில் சொன்னேன்.