வேறொருவருக்கு எடுத்து வைத்த விமானம்

காஞ்சிபுரம் காந்தி ரோட்டுப் பட்டுக்கடைகளில் தணிகாசலத்தின் வாய்க்குத் தனி மரியாதை உண்டு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வந்தவர்கள் கல்யாணப் புடவை எடுக்க வந்தவர்களா, சும்மா விலை கேட்டுப் போக வந்தவர்களா என்று சொல்லிவிடுவார். ஒரு குடும்பமே பாயில் உட்கார்ந்து, புடவைகளை மலைபோல் பிரித்துப் போட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் பிடிக்கவில்லை என்று எழுந்திருக்கப் பார்க்கும். அந்த நேரம் பார்த்து அவர் ஒரே ஒரு புடவையை மெதுவாக மடித்துத் தன் முதுகுக்குப் பின்னால் வைப்பார். "அது இன்னாப்பா?" என்பார்கள். "அது வாணாம்மா, வேலூர் பார்ட்டிக்கு எடுத்து வெச்சது" என்பார். அவ்வளவுதான், அந்தப் புடவைதான் பில்லுக்குப் போகும். வேலூர் பார்ட்டி என்று ஒருவர் இன்னும் பிறக்கவே இல்லை.

இந்த வித்தையை அவர் தன் மனைவி கிருஷ்ணவேணியிடம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டது கல்யாணமான புதிதில். இப்போதெல்லாம் வீட்டில் அவர் பேசுவதே அபூர்வம். சண்டை ஒன்றும் கிடையாது. காலையிலிருந்து "இந்த மாம்பழக் கலரைப் பாருங்கம்மா, அந்த அரக்கு பார்டரைப் பாருங்கம்மா" என்று கடையில் பேசிப் பேசி, வீடு வந்து சேரும்போது பேச்சு மொத்தமும் தீர்ந்துபோயிருக்கும். மகன் சேலத்தில் ஹாஸ்டலில் சேர்ந்த பிறகு நிலைமை இன்னும் மோசம். "குழம்புல உப்பு போதுமா?" என்றால் "ம்." "நாளைக்கு இட்லியா, உப்புமாவா?" என்றாலும் "ம்." எதற்கு அந்த "ம்" என்று கிருஷ்ணவேணிதான் யூகித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் செவ்வாய்க்கிழமை வேறு மாதிரி. அன்று அவருக்குக் கடை விடுமுறை. விடிந்ததும் ரிமோட் விமானத்தை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு தாமல் ஏரிக்குக் கிளம்பிவிடுவார். கோடையில் வறண்டு கிடக்கும் ஏரித்தரைதான் அவருக்கு விமான நிலையம். ஊரில் மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் உமாபதிதான் அவருக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்தவர். மத்தியானம் திரும்பி வந்து இலைமுன் உட்கார்ந்தால் தணிகாசலம் பேசுவார் பாருங்கள், நிறுத்த ஆள் வேண்டும். காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, இன்ஜின் ஏன் நடுவானில் இருமியது, எந்த எருமை குறுக்கே வந்தது என்று சகலமும் வரும். சோற்றுக் கையாலேயே விமானம் ஓட்டிக் காட்டுவார். ரசம் ஆறிப்போகும். கிருஷ்ணவேணிக்குப் பாதி புரியாது. ஆனாலும் அந்த ஒரு வேளைச் சாப்பாட்டை நம்பித்தான் அவள் மற்ற நாட்களை ஓட்டிக்கொண்டிருந்தாள். இதை அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் கூச்சப்பட்டு அதையும் நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

இரண்டாயிரத்து நாலாம் வருஷக் கோடையில் அவருடைய பழைய விமானம் போய்ச் சேர்ந்தது. உடம்புக்கு மேலே இறக்கை வைத்த, புதிதாகப் பழகுகிறவர்களுக்கான விமானம் அது. தப்பாக ஓட்டினாலும் கையை எடுத்துவிட்டால் தானாக நிமிர்ந்துகொள்ளும் சாது. அந்தச் சாதுவைக் கொண்டுபோய் ஏரிக்கரைக் கருவேல மரத்தில் உட்கார வைத்துவிட்டார். கோணிப்பையில் குச்சிகுச்சியாக அதை அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், கிருஷ்ணவேணி ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்பே யாரும் கேட்காத ஒரு சத்தியத்தைச் செய்தார்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு வாங்கறேன். அதுவும் ஒடஞ்சுதுன்னா அத்தோட சரி, அந்த ஏரிப்பக்கமே போவ மாட்டேன். உன் தலை மேல ஆணை" என்று அவள் தலையில் கையை வைத்தார். கையில் இன்ஜினுக்கு ஊற்றும் விளக்கெண்ணெய் வாடை.

இப்படிச் சத்தியம் செய்த மனுஷர், வாங்குவதையாவது நிதானமாகப் பார்த்து வாங்க வேண்டாமா? அடுத்த வாரமே உமாபதி ஒரு படப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"பழகற பிளேன்லாம் ஓட்டி முடிச்சிட்ட தணிகா. இனிமே சண்டை பிளேன்தான் எடுக்கணும். இத்த பாரு, ராஜா மாதிரி இருக்குது."

காபி கொண்டுவந்த கிருஷ்ணவேணி, "அது சீக்கிரம் ஒடையுமாண்ணே?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் மொறைக்கும் அண்ணி. ரெக்கை மெல்லிசு. எறங்கறப்ப ஸ்பீடு கொறஞ்சா பட்டுனு ஒரு பக்கம் சாஞ்சிடும். நானே ரெண்டு ஒடைச்சிருக்கேன்" என்றார் உமாபதி, பதக்கம் வாங்கியவர் போல.

தணிகாசலத்தின் காதில் ராஜா மட்டும்தான் விழுந்தது. கிருஷ்ணவேணியின் காதில் உடைந்தது மட்டும்தான் விழுந்தது. சண்டை விமானம் வந்தால் மாசத்துக்குள் அது உடையும், ஆணைப்படி இவர் ஏரியை விடுவார், செவ்வாய்க்கிழமையும் "ம்" ஆகிவிடும். வாங்கப் போகும்போது தானும் மெட்ராஸுக்கு வருவதாகச் சொன்னாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

மண்ணடிப் பக்கம் ஒரு மாடியில் இருந்தது கடை. கடைக்காரர் நமச்சிவாயம் பொறுமைசாலி. அன்றைக்கு அந்தப் பொறுமை தேவைப்பட்டது. எந்த மாதிரி வாடிக்கையாளரைப் பற்றித் தணிகாசலம் ஆயுசு பூராவும் தலையில் அடித்துக்கொண்டாரோ, படியேறியதும் அப்படியே அவராகவே ஆகிவிட்டார். "இதே மாடல்ல வேற கலர் இருக்குதா?" என்றார். "உள்ள லைட்ல சரியா தெரியல" என்று ஒரு பெட்டியை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். முதலில் பார்த்ததை மறுபடி எடுக்கச் சொன்னார். கிருஷ்ணவேணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சார் இதுவரைக்கும் எவ்ளோ ஓட்டியிருக்கீங்க? லேண்டிங் எல்லாம் எப்படி?" என்று கேட்டார் நமச்சிவாயம்.

"அதெல்லாம் வழுக்கிக்கினு வந்து நிக்கும்."

"போன மாசம் கருவேல மரத்துல எறங்குச்சு" என்றாள் கிருஷ்ணவேணி.

நமச்சிவாயம் சிரிக்காமல் உள்ளே போய்ச் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு விமானத்தை எடுத்து வந்தார். "கீழ் ரெக்கை சார் இது. பழசு மாதிரி தானா நிமிராது, நீங்க சொன்னாத்தான் திரும்பும். ஆனா ரெக்கை நல்ல தடிமன். மெதுவா வந்தாலும் கவுத்துடாது. சக்கரம் பெருசு, ஏரித்தரைக்குத் தோது. இதுல ஒரு வருஷம் கை பழகட்டும், அப்புறம் சண்டை பிளேனுக்குப் போகலாம்."

தணிகாசலம் அதைப் பட்டில் பருத்தி கலந்த புடவையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "இன்னாபா இது, பூசணிக்கா மாதிரி இருக்குது" என்று சொல்லிவிட்டு, மூக்கில் சுறாப்பல் வரைந்த சண்டை விமானத்தின் மேல் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

வேண்டாம் என்று சொன்னால் பிடிவாதம் கூடும் என்பது கிருஷ்ணவேணிக்குத் தெரியும். பூசணிக்காயை அதன் பெட்டியில் மெதுவாகப் போட்டு மூடி, தன் முதுகுக்குப் பின்னால் ஸ்டூலில் வைத்து, மேலே கைப்பையையும் வைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் தணிகாசலம் திரும்பினார். "அத்த ஏன் அங்க வெச்ச?"

"அது வாணாம் உடுங்க. ஏனாத்தூர் காலேஜ் பசங்க யாருக்கோ எடுத்து வெச்சதாம்."

நமச்சிவாயம் வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். அவரும் வியாபாரிதானே.

"ஏனாத்தூரா? நம்ம ஊருக்கா போவுது?" சுறாப்பல்லை விட்டுக் கை விலகியது. "காலேஜ் பசங்க விசாரிக்காம எடுக்க மாட்டானுங்க. கடைசி பீஸா?"

"கடைசி பீஸ்தான் சார்" என்று கூசாமல் சொன்ன நமச்சிவாயம், பின்னாலிருந்த அதே மாதிரி இன்னும் இரண்டு பெட்டிகளை முழங்காலால் திரை மறைவுக்குத் தள்ளினார்.

காஞ்சிபுரம் பஸ்ஸில் தணிகாசலம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஏனாத்தூர் பசங்களை முந்திக்கொண்ட பெருமையில் உட்கார்ந்திருந்தார். கிருஷ்ணவேணிக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பாவமாகவும் இருந்தது.

பூசணிக்காயை முதன்முதலாகப் பறக்கவிட்ட செவ்வாய்க்கிழமை அவளும் ஏரிக்குப் போனாள். விமானத்தை மடியில் வைத்து ஸ்கூட்டரின் பின்னால் அவள் உட்கார்ந்து போனதை ரோடே வேடிக்கை பார்த்தது. விமானம் நன்றாகத்தான் பறந்தது. ஒரு குட்டிக்கரணம் போட்டது, தலைகீழாகப் போய்த் திரும்பியது. உமாபதியே, "பரவால்லபா, சொன்ன பேச்சு கேக்குது" என்றார். இறங்கும்போதுதான் தணிகாசலத்துக்கு அவசரம். இன்னும் கொஞ்சம் தள்ளி இறக்கியிருக்க வேண்டியதை முன்னாலேயே இறக்கினார்; மூக்கு தூக்கிக்கொண்டது. காய்ந்த சேற்று வரப்பில் மோதி விசிறி முறிந்தது, ஒரு சக்கரம் பிய்ந்து தனியாக உருண்டது, வயிற்றில் நீளமாக விரிசல்.

"இது ஒண்ணுமே இல்லபா, பசை போட்டா நிக்கும்" என்றார் உமாபதி. சண்டை விமானமாக இருந்தால் அள்ளுவதற்குத்தான் மிச்சம் இருந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

தணிகாசலம் உடைந்த விமானத்தைப் பார்த்தார், கிருஷ்ணவேணியின் தலையைப் பார்த்தார். பிறகு கழுத்தில் மாட்டியிருந்த ரிமோட்டைக் கழற்றி உமாபதியின் கையில் கொடுத்தார். "நீயே வெச்சிக்கோ."

ஆணையை இத்தனை ஒழுங்காகக் காப்பாற்றுவார் என்று கிருஷ்ணவேணி நினைக்கவில்லை. நேராகப் போய் உமாபதியின் கையிலிருந்து ரிமோட்டை வாங்கினாள்.

"என் தலை மேலதான ஆணை? என் தலையை நான் பாத்துக்கறேன்."

"ஆணைன்னா ஆணைதான் வேணி."

"எனக்கு செவ்வாக்கெழமை வேணுங்க" என்றாள். "அன்னிக்கு ஒரு நாள்தான் நீங்க எங்கிட்ட பேசறீங்க. அதையும் இவர் கையில குடுத்துட்டா நான் இன்னா பண்றது?"

உமாபதி சட்டென்று எண்ணெய் டப்பாவின் மூடியைத் தேடப் போய்விட்டார். தணிகாசலம் அப்படியே நின்றார். ஊரிலிருப்பவர்களின் மனசையெல்லாம் செருப்பு கழற்றும்போதே படித்துவிடுகிறவருக்கு இது எப்படித் தெரியாமல் போனது என்று அவருக்கே புரியவில்லை. ரிமோட்டை அவள் கையிலிருந்து வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

ஸ்கூட்டர் ஹைவேயில் ஏறியது. இவர் வாயைத் திறக்கிற வழியாகத் தெரியவில்லை. கடைசியில் அவள்தான் அவர் காதருகே குனிந்து கேட்டாள்.

"எறங்கறப்ப மூக்கு ஏன் அப்டித் தூக்குச்சு?"

"அத்த ஏன் கேக்கற" என்று ஆரம்பித்தார். காற்று திரும்பியதிலிருந்து ஆரம்பித்தார். லாரிச் சத்தத்தில் பாதி அடித்துக்கொண்டு போனது, அவர் நிறுத்தவில்லை. ரயில்வே கேட்டில் நின்றபோதும் நிறுத்தவில்லை. வீட்டு வாசலில் இறங்கி, ஒடிந்த சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் எவ்வளவு தள்ளி இறக்கியிருக்க வேண்டும் என்று கோலத்தின் மேலேயே நடந்து காட்டினார். நடுவில் நின்று, "உனக்கு வெயில்ல தலை வலிக்கலையே?" என்று கேட்டுவிட்டு மறுபடி நடந்தார். கதவைத் திறந்தால் எங்கே பேச்சு நின்றுவிடுமோ என்று, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கிருஷ்ணவேணி அந்த வெயிலிலேயே நின்றாள்.