பொம்மைக் காரில் போட்ட வட்டம்

கார்களுக்குக் கதவும் பானெட்டும் செய்து பெயிண்ட் அடித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனி அம்பத்தூரில் இருக்கிறது. அங்கே குறை கண்டுபிடிப்பதுதான் இருபத்தெட்டு வருஷம் என் வேலையாக இருந்தது. டியூப்லைட் வரிசைக்குக் கீழே கதவு வந்து நிற்கும். கையால் தடவுவேன். தூசியோ, வழிந்த பெயிண்டோ, ஊசித் துளையோ தட்டுப்பட்டால் சட்டைப் பையிலிருக்கும் மெழுகு பென்சிலை எடுத்து அந்த இடத்தில் ஒரு வட்டம் போடுவேன். கதவு திரும்பப் போய்விடும். இத்தனை வருஷம் இதையே செய்த மனுஷன் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் சுவரைத்தான் பார்ப்பான். என் மனைவி என்னோடு வெளியே வருவதைக் குறைத்துக்கொண்டது அதனால்தான்.

எங்கள் பெயிண்ட் ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. ரிட்டையர் ஆகிறவருக்கு ஒரு பொம்மைக் காருக்கு, லைனில் ஓடும் நிஜப் பெயிண்டை அடித்துக் கொடுப்போம். ‘கொடுப்போம்’ என்பது ஒரு பேச்சுக்கு. எல்லாவற்றையும் செய்தது நான்தான்.

பார்ப்பதற்கு விளையாட்டு மாதிரி இருக்கும். செய்து பார்த்தால் கழுத்து விட்டுப்போகும். கார் ஒரு சாண்கூட இருக்காது. அடியிலுள்ள ரிவெட்டைத் துளைத்து பாடியைத் தனியே கழற்ற வேண்டும். கடைப் பெயிண்டைக் கரைத்துச் சுரண்டி, வார்ப்பில் வந்த கோட்டை அரத்தால் ராவி, பள்ளத்தில் பட்டி வைத்து, தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் தேய்க்க வேண்டும். அப்புறம் பிரைமர், மெல்லிசாக மூன்று தடவை. அதற்கு மேல்தான் கலர். நிஜக் காருக்குக் கலக்கிய பெயிண்டை அப்படியே அடித்தால் அந்தக் குட்டிக்குக் கம்பளி போர்த்திய மாதிரி ஆகிவிடும், கதவுக் கோடெல்லாம் மூடிக்கொள்ளும். தின்னரைத் தாராளமாக விட்டுத் தண்ணீராக்க வேண்டும். இன்னொன்று, நிஜக் காரின் நீலம் சின்ன உருவத்தில் கறுத்துத் தெரியும். இரண்டு சொட்டு வெள்ளை சேர்த்தால்தான் அது அதே நீலமாகத் தோன்றும். மழை நாளில் அடித்தால் ஈரம் பிடித்து மேல்பூச்சு வெளுத்துப்போகும். ஐப்பசி, கார்த்திகையில் ரிட்டையர் ஆனவர்களெல்லாம் என் உயிரை வாங்கியிருக்கிறார்கள்.

போன வருஷம் என் முறை வந்தது. கடைசி மாதம் வரை யாரும் காரைப் பற்றி மூச்சு விடவில்லை. எனக்கு வலித்தது. இத்தனை பேருக்குச் செய்தேனே, எனக்குச் செய்ய ஒருவனுக்காவது தோன்றவில்லையா என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். நானே எனக்கு ஒன்று செய்துகொள்ளலாம் என்று கார்கூட வாங்கினேன். பாதி சுரண்டியதும் வெட்கமாகிப்போய் அலமாரியில் போட்டுவிட்டேன்.

கடைசி நாள் மதியம் கேன்டீனில் மாலை, சால்வை, கேசரி எல்லாம் ஆயிற்று. அப்புறம் எங்கள் ஸ்ப்ரே பெயிண்டர் முன்னால் வந்தான். பட்டாபிராமிலிருந்து வருகிறவன். இருபது வருஷமாக அவன் அடித்ததைத்தான் நான் தடவிப் பார்த்திருக்கிறேன். கையில் நியூஸ்பேப்பர் பொட்டலம்.

“அண்ணாத்தே, நானே அடிச்சேன். யாருக்கும் சொல்லல,” என்றான்.

பிரித்தேன். நீலக் கார். மனசு நிறைந்துபோயிற்று. அது நிஜம். ஆனால் கை அதன் பாட்டுக்குத் தடவ ஆரம்பித்துவிட்டது. லைன் பெயிண்டை அப்படியே அடித்திருந்தான். கதவுக் கோடு பாதி மூடியிருந்தது. பின் சக்கரத்துக்கு மேலே ஒரு சொட்டு வழிந்து உறைந்திருந்தது. நான் யோசிக்கவே இல்லை. பையிலிருந்து பென்சிலை எடுத்து அந்தச் சொட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டேன்.

கேன்டீனே சிரித்தது. நான் தலை நிமிர்ந்தபோது அவன் மட்டும் சிரிக்கவில்லை. காரை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டான்.

“ரீவொர்க் பண்ணி எடுத்துகினு வரேன்,” என்றான்.

வரவில்லை. இரண்டு மாதம் ஆயிற்று. போன் செய்தால் ‘ஆயிகினு கீது’ என்பான். எனக்கோ வீட்டில் எந்த வேலையும் இல்லை, ஆனாலும் எப்போதும் அசதியாக இருந்தது. காலை பத்து மணிக்கே சாய்ந்துவிடுவேன். கார் வராததல்ல என் கவலை. எனக்கென்று யோசித்த ஒரே ஒருவனை ஊர் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டேன், அவன் இனி என் முகத்தில் விழிப்பானா என்பதுதான். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சேக்காட்டிலிருந்து பட்டாபிராமுக்கு ஷேர் ஆட்டோ பிடித்து அவன் வீட்டுக்குப் போனேன்.

வீட்டுக்குப் பின்னால், துவைக்கிற கல் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். காரின் பாடி, பெயிண்டே இல்லாமல் வெறும் உலோகமாக ஒரு குச்சியில் மாட்டியிருந்தது. அங்கங்கே பட்டி.

“வா அண்ணாத்தே. இது நாலாவது தபா,” என்றான்.

“ஏம்பா, முதல் தடவையே எடுத்துக்கிட்டு வந்திருக்கலாமே?”

“எடுத்துகினு வந்தா நீ பாப்பியே.”

பக்கத்தில் கவிழ்த்திருந்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்தேன். “அன்னைக்கு நான் பண்ணினது தப்பு. மன்னிச்சிரு,” என்றேன். இருபது வருஷத்தில் அவனிடம் இந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

“இருபது வருசம் நீ வண்டி மேல வட்டம் போட்ட, நான் ஒண்ணும் நெனச்சுக்கல. அன்னைக்கு என் மேல போட்ட மாரி இருந்துச்சு,” என்றான். கோபமில்லாமல்தான் சொன்னான்.

பிரைமரை எடுத்துத் தண்ணீராகக் கலக்கினான். இந்தத் தடவை பதம் சரியாக இருந்தது. அவன் குச்சியைத் திருப்பியபோது காரின் கூரையில் வைத்த பட்டியில் ஒரு ஊசித் துளை என் கண்ணில் பட்டது. பிரைமர் அதை மூடாது. கலர் போட்டதும் பளிச்சென்று தெரியும். நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். எப்படி இருந்தாலும் எடுத்துப் போகிறேன், இன்றைக்கு ஒரு குறையும் சொல்லப்போவதில்லை என்று வழியெல்லாம் தீர்மானம் செய்துகொண்டு வந்திருந்தேன்.

அடித்தான். மூன்று தடவை, மெல்லிசாக. காய வைத்து என் கையில் குச்சியோடு கொடுத்தான்.

“எப்டி கீது?”

“நல்லா இருக்குப்பா. இதுக்கு மேல கலர் போட்டு முடிச்சிரு.”

அவன் என்னையே பார்த்தான். பிறகு சுண்டுவிரல் நகத்தைச் சரியாக அந்தத் துளையின் மேல் வைத்தான்.

“இது தெர்லியா உனுக்கு?”

“தெரிஞ்சுது.”

“அப்பறம் இன்னாத்துக்கு சொல்லல? நீ சொல்லுவேன்னுதான் வுட்டு வச்சேன்.”

அவன் காரை வாங்கிக் கல்லின் மேல் வைத்தான்.

“நெசமாவே ரிட்டையர் ஆயிட்ட அண்ணாத்தே,” என்றான்.

கேன்டீனில் மாலை போட்டபோதுகூட வராத அழுகை அப்போது வந்தது. அவன் டீ கொண்டுவர உள்ளே போனான்.