நாகூர்க்காரரின் காரைக்கால் அண்ணன்

வெங்காய விலை ஏறுமா இறங்குமா என்று தெரிய வேண்டுமானால் சூலியா தெருவுக்குப் போய் சீனி முகம்மதின் முகத்தைப் பார்த்தால் போதும் என்று பினாங்கு வியாபாரிகள் கேலி பேசுவார்கள். மனதில் இருப்பதை மறைக்கத் தெரியாத முகம் அது. அந்த முகத்தை வைத்துக்கொண்டு அவர் சர்க்காரிடம் ஒரு பொய் சொன்னார், அதை வருஷக்கணக்கில் காப்பாற்றவும் செய்தார். அவரைத் திட்டுவதற்காக இதை நான் எழுதவில்லை. ஆனால் திட்ட வேண்டிய இடம் வந்தால் திட்டாமலும் விட மாட்டேன்.

சீனி முகம்மது பிறந்தது காரைக்காலில். காரைக்காலிலிருந்து காலையில் மாட்டு வண்டி கட்டினால் மத்தியானச் சோற்றுக்கு நாகூர் போய்விடலாம். அதே பாஷை, அதே மீன், அதே கந்தூரி. ஆனால் நடுவில் வெள்ளைக்காரர்கள் கோடு போட்டிருந்தார்கள். நாகூர்க்காரர் பிரிட்டிஷ் பிரஜை. காரைக்கால்காரர் பிரெஞ்சுப் பிரஜை. ஊரில் இருந்தவரை அந்தக் கோடு யாருடைய கண்ணிலும் பட்டதில்லை. பினாங்குக்கு வந்த பிறகுதான் அது பெரிய கோடு என்று தெரிந்தது.

பினாங்கில் அவர் முதலில் ஒரு மளிகைக் கடையில் சம்பளத்துக்கு இருந்தார். இங்கேயே பிறந்து வளர்ந்த நூர்ஜானைக் கல்யாணம் செய்துகொண்டார். தனியாக மொத்த வியாபாரம் செய்ய வேண்டும் என்பது ஆசை. கப்பலில் வரும் வெங்காயம், மிளகாய், பருப்பு, புளி எல்லாவற்றையும் வாங்கிக் கிடங்கில் போட்டு, சுங்கை பாக்காப் தோட்டக் கடைகள் வரை அனுப்ப வேண்டும். அதற்கு முதல் கொடுத்தவர் ஊரில் இருந்த அவருடைய அண்ணன் ஷேக் அலாவுதீன். அண்ணனை அந்தக் கரையில் நானா என்பார்கள். பிள்ளை இல்லாதவர், மனைவியையும் இழந்தவர். இருந்த தென்னந்தோப்பை விற்று முழுவதையும் தம்பிக்கு அனுப்பிவிட்டார். பத்திரம் கிடையாது, பங்கு எவ்வளவு என்ற பேச்சும் கிடையாது.

கிடங்குக்கு லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் எழுதும் ஆபீசில் முதல் கேள்வியே நீ எந்த ராஜ்யத்துப் பிரஜை என்பதுதான். என்ன பதில் சொன்னால் என்ன ஆகும் என்று அந்த ஆபீசிலேயே கேட்டிருக்கலாம். நம் ஆட்கள் கேட்க மாட்டார்கள். ஆபீசில் கேட்க வெட்கம். கோப்பிக்கடையில் கேட்க மட்டும் வெட்கம் இல்லை. கோப்பிக்கடையில் யாரோ ஒருவர், "பிரெஞ்சுக்காரன்னா லைசென்ஸ் கிடைக்காது லா. அடுத்த கப்பல்ல ஏத்தி விட்டுடுவான்" என்று மலாய்க்காரர் போல லா சேர்த்து அடித்துச் சொன்னார். சீனி முகம்மது மறுநாள் போய், நாகூரில் பிறந்தேன் என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டார். லைசென்ஸ் கிடைத்தது. வியாபாரமும் நன்றாக ஓடியது.

அதன் பிறகு ஒருநாள் ஷேக் அலாவுதீனே கப்பலேறி வந்து சேர்ந்தார். தோப்பும் போய், மனைவியும் போய், ஊரில் அவருக்கு என்ன இருந்தது? தம்பியோடு இருந்து கடையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்தார். நாகப்பட்டினத்துக் கப்பலில் வந்து இறங்கிய கூட்டத்தில் அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. தம்பி அவரைக் கல்லாவில் உட்கார வைத்தார். அந்த வாரம் முழுவதும் சீனி முகம்மதின் முகத்தில் வெங்காய விலையே தெரியவில்லை. அத்தனை சந்தோஷம்.

அடுத்த வாரமே கிடங்கைப் பார்வையிட ஆபீசிலிருந்து ஒரு துரை வந்தார். துரை, ஆபீசர் எல்லாரையும் அங்கே துவான் என்பார்கள். கூடவே கமால் என்ற மொழிபெயர்ப்பாளர். டத்தோ கிராமாட்டில் குடியிருக்கும் தமிழ் முஸ்லிம். நல்ல மனிதர், ஆனால் கண் கூர்மை. அந்நியப் பிரஜைகள் எல்லாரும் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும் என்று சர்க்கார் அப்போதுதான் புதுச் சட்டம் போட்டிருந்தது. துரை கல்லாவில் இருந்தவரைக் காட்டி ஏதோ கேட்டார். கமால் அதைத் தமிழில் கேட்டார்.

"இவரு யாரு?"

என் அண்ணன் என்றால், எந்த ஊர் என்ற கேள்வி வரும். காரைக்கால் என்றால், நீ மட்டும் எப்படி நாகூர் என்ற கேள்வி வரும்.

"கடைச் சமையல்காரரு, துவான்" என்றார் சீனி முகம்மது.

ஷேக் அலாவுதீன் தம்பியை ஒரு தரம் பார்த்தார். பிறகு கல்லாவிலிருந்து எழுந்து, தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கடைக்குப் பின்னால் அடுப்படிக்குப் போய்விட்டார். அவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு நாளோடு போகட்டும் என்றுதான் சீனி முகம்மது நினைத்தார். போகவில்லை. கமால் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் கடைக்குள் தலையை நீட்டினார். சமையல்காரர் எங்கே என்று கேட்டுவிட்டால்? அதனால் அண்ணன் அடுப்படியிலேயே இருந்தார். வாழ்நாளில் வெந்நீர் கூட வைத்தறியாத மனிதர். முதல் வாரம் கடையாட்கள் தீய்ந்த சோற்றைத் தின்றுவிட்டு முணுமுணுத்தார்கள். போகப் போகக் கை பழகியது. அவர் வைக்கும் மீன் ஆணம் என்ற குழம்புக்காகவே கமால் மத்தியானத்தில் வந்து உட்கார ஆரம்பித்தார். விதி எப்படிக் கேலி செய்கிறது பாருங்கள்.

ஆட்கள் முன்னால் அண்ணன் தம்பியை முதலாளி என்று கூப்பிட்டார். தம்பி அண்ணனை எப்படியும் கூப்பிடவில்லை. "அங்கே", "இங்கே", "தண்ணி" என்று சொல்லிச் சமாளித்தார். ஒரு மனிதர் தன்னை வளர்த்தவரிடம் பேச வார்த்தை தேடுவதைப் போல அசிங்கம் வேறு உண்டா? அதற்காக நான் அவரை மன்னிக்கவில்லை.

நூர்ஜானும் மன்னிக்கவில்லை. "ஒங்க நானா அடுப்படில புகையத் தின்னுக்கிட்டு இருக்காரு. ஒங்களுக்கு எப்படிச் சோறு எறங்குது? வெளிய சொன்னா எனக்கே மாலுவா இருக்கு" என்பாள். மாலு என்றால் மலாயில் வெட்கம்.

"லைசென்ஸ் போயிடும் நூர்ஜான். என்னைச் சிறையில போட்டுடுவாங்க."

"அதுக்கு அவர ஜெயில்ல போட்டு வச்சிருக்கீங்க."

அவர் எழுந்து போய்விடுவார். சொல்லிவிட வேண்டும் என்று நினைக்காத நாள் இல்லை. அடுத்த சரக்கு வரட்டும், நோன்பு முடியட்டும் என்று தள்ளிப்போட்டே காலம் போனது. வெட்கத்துக்கு ஒரு குணம் உண்டு. முதல் நாள் சொல்ல வெட்கம் ஒரு மடங்கு. தாமதித்துச் சொல்ல வெட்கம் பல மடங்கு.

பழைய கிடங்கு போதாமல் புதிதாக ஒன்றைப் பிடித்தார் சீனி முகம்மது. திறப்பு நாளில் பள்ளிவாசல் லெப்பையை அழைத்து, நபி புகழ் பாடும் மவுலூது ஓதி, நெய்ச்சோற்றுக்கு ஏற்பாடு செய்தார். சமைத்தவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. நம் பக்கத்து முஸ்லிம் விருந்தில் ஆளுக்கொரு தட்டு கிடையாது. சகன் என்ற பெரிய தட்டில் சோற்றைக் கொட்டி, சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். முதலாளி, வேலையாள் என்ற பேதம் சகனுக்குத் தெரியாது. ஒரே ஒரு மரியாதைதான். சகனில் தன் வீட்டு மூத்தவர் இருந்தால், அவர் கை வைத்த பிறகுதான் இளையவர் கை வைக்க வேண்டும்.

நடுச் சகனில் லெப்பை, கமால், சீனி முகம்மது மூவரும் உட்கார்ந்தார்கள். நாலாவது ஆள் இல்லை. கமால் அடுப்படிப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

"பாய், வாங்க. இவ்வளவு நாளா ஒங்க கையால தின்னாச்சு. இன்னைக்கு எங்ககூட உக்காருங்க."

ஷேக் அலாவுதீன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்று தம்பியைப் பார்த்தார். உட்காரலாமா என்று கேட்கிற பார்வை அது. சீனி முகம்மது தலையை மட்டும் அசைத்தார். நாற்பதைத் தாண்டிய ஒருவர் தன் அண்ணனுக்கு உட்கார உத்தரவு கொடுத்தார்.

லெப்பை பிஸ்மி சொல்லிக் கை வைத்தார். கமாலும் வைத்தார். மற்ற இரண்டு கைகளும் சோற்றுக்கு மேலே வராமல் நின்றன. முதலாளி ஆரம்பிக்கட்டும் என்று சமையல்காரர் காத்திருந்தார். அண்ணன் ஆரம்பிக்கட்டும் என்று தம்பி காத்திருந்தார். சீனி முகம்மது வேண்டுமென்று செய்யவில்லை. பால்குடி மறந்த நாளிலிருந்து அந்தக் கை அப்படித்தான் காத்திருந்து பழகியிருந்தது. நாக்கு எத்தனையோ பொய் சொல்லிவிட்டது. கைக்குச் சொல்லத் தெரியவில்லை.

கமால் மென்றுகொண்டே இருவரையும் பார்த்தார். மெல்லுவது நின்றது.

"முதலாளி, நீங்க யாருக்காகக் காத்துக்கிட்டு இருக்கீங்க?"

கமால் ஷேக் அலாவுதீன் பக்கம் திரும்பினார். "பாய், இவரு ஒங்களுக்கு என்ன வேணும்?"

"முதலாளி, துவான்."

"சோத்து முன்னால உக்காந்து சொல்றீங்க."

"முதலாளிதான்."

அப்போது சீனி முகம்மது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. குனிந்து நெய்ச்சோற்றில் கிடந்த ஏலக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கமால் பெருமூச்சு விட்டார். "ஒங்க ரெண்டு பேர் பேச்சும் ஒரே ஊர்ப் பேச்சுன்னு எனக்கு எப்பவோ தெரியும். காரைக்கால்ல பொறந்தா என்ன? பிரெஞ்சுப் பிரஜைன்னு பதியணும், இங்க உள்ள பிரிட்டிஷ் பிரஜை ஒருத்தர் ஜாமீன் கையெழுத்துப் போடணும். அவ்வளவுதான். கடை வைக்கலாம், கிடங்கு வைக்கலாம். எத்தனையோ காரைக்கால்காரங்க அப்படித்தான் பண்றாங்க. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"இவரு என் நானா" என்றார் சீனி முகம்மது.

சொன்ன வாயோடு அவருக்கு உடம்பெல்லாம் கூசிப் போனது. ஆபத்து இல்லை என்று காதில் விழுந்த பிறகுதான் அந்த வார்த்தை வெளியே வந்தது. அது அவருக்கும் தெரிந்தது, சகனைச் சுற்றி இருந்த எல்லாருக்கும் தெரிந்தது. ஷேக் அலாவுதீன் மட்டும் ஒன்றும் தெரியாதவர் போல, "சோறு ஆறுது, சாப்பிடுங்க" என்று சொல்லிக் கை வைத்தார்.

ஆனால் ஆபத்து இல்லை என்று நினைத்ததும் தப்பு. கமால் குரலைத் தாழ்த்தினார். "நீங்க சொன்னது என் காதுல விழல. நாகூர்ல பொறந்தேன்னு நீங்க பண்ண சத்தியம் ஆபீஸ்ல அப்படியே இருக்கு. பொய்ச் சத்தியத்துக்கு ஜெயில். ஒங்க நானாவுக்கு இன்னும் பதிவு இல்ல. சீக்கிரம் பதியலைன்னா பிடிச்சி அனுப்பிடுவாங்க. திங்கக்கெழம கூட்டிட்டு வாங்க. அங்க என்ன சொல்றதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க."

திங்கட்கிழமை அண்ணனும் தம்பியும் ஒரே ரிக்‌ஷாவில் போனார்கள். வழியில் சீனி முகம்மது, "நானா, இன்னைக்கு நான் உண்மையச் சொல்லிடறேன். வர்றது வரட்டும்" என்றார்.

ஷேக் அலாவுதீன் வேண்டாம் என்று சொல்லவில்லை. "சரி தம்பி" என்றார். அந்தக் கிழட்டு முகத்தில் லேசாக ஒரு மலர்ச்சி கூட வந்தது. அதைப் பார்த்தபோது சீனி முகம்மது, சத்தியமாகச் சொல்லிவிடுவது என்றுதான் நினைத்தார்.

ஆபீசில் அதே துரை. கமால் பக்கத்தில் நின்று கேள்விகளைத் தமிழில் கேட்டார். பெயர், பிறந்த ஊர், தொழில். காரைக்கால் என்றார் ஷேக் அலாவுதீன்; சமையல் என்றார். துரை எழுதிக்கொண்டே அடுத்ததைக் கேட்டார்.

"இந்த ஊர்ல ஒங்களுக்கு ஒறவுக்காரங்க யாராச்சும் இருக்காங்களா?"

ஷேக் அலாவுதீன் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். அவசரப்படாமல் பார்த்தார். கமாலும் காத்திருந்தார். சீனி முகம்மது உதட்டைப் பிரித்தார். புதுக் கிடங்கு, நூர்ஜான், சிறை எல்லாம் ஒரே நேரத்தில் நினைவுக்கு வர, மேசை மேலிருந்த காகிதத்தைப் பார்த்தார். துரை பேனாவை மேசையில் தட்டினார்.

"யாரும் இல்ல, துவான்" என்றார் ஷேக் அலாவுதீன்.

கமால் அதை ஆங்கிலத்தில் சொன்னார். துரை எழுதினார். பிறகு பிரிட்டிஷ் பிரஜையாக ஜாமீன் போட வந்திருந்த சீனி முகம்மதிடம் திரும்பி, இந்த ஆளை உனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார்.

சீனி முகம்மதின் தாய் அவரைப் பெற்ற மூன்றாம் நாளே கண்ணை மூடியவள். அன்றிலிருந்து அவரைத் தூக்கி வளர்த்தவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"கடைக்கு வேலைக்கு வந்ததுலேருந்து" என்று சொல்லிவிட்டு சீனி முகம்மது பேனாவை வாங்கினார். அவர் குனிந்து கையெழுத்துப் போட வசதியாக ஷேக் அலாவுதீன் கொஞ்சம் தள்ளி, கைகட்டி நின்றார்.