ஓட்டுவதற்கென்று ஒரு வண்டி

துபாயிலிருந்து வந்த பெட்டியைத் திறந்தால் சோப்பும் சென்ட்டும் பால்பவுடரும் கலந்து ஒரு வாசம் அடிக்கும். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு அதோடு புதுப் பிளாஸ்டிக் வாசமும் சேர்ந்து வந்தது, ஏனென்றால் சித்தப்பா எனக்காக ஒரு ரிமோட் கார் வாங்கி வந்திருந்தார். பிள்ளைகளே, அப்போது எனக்கு ஒன்பது வயசு. பீளமேட்டில் எங்கள் தெருவில் யாரும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. முகம் தெரிகிற சிவப்பு, ரிமோட்டிலிருந்து இழுத்து நீட்டுகிற ஏரியல் கம்பி.

பூசை முடிந்து வந்ததும் அப்பா அதை ஹாலில் ஓட்டிப் பார்க்க விட்டார். ஆனால் சுவரில் மோதிவிடக் கூடாதே என்று அத்தை ஒரு மூலையில் தலையணையோடும், அம்மா வாசற்படியில் சுருட்டிய ஜமக்காளத்தோடும், சித்தப்பா கட்டில் காலருகே வெறுங்கையோடும் காவல் நிற்க, வண்டி நடுவில் பயந்து பயந்து சுற்றியது. "பத்திரம் கண்ணு, சாமான் போனா வராது" என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் அப்பா, "போதும், சூடாகிப்போடும்" என்று அதை வாங்கி, பிளாஸ்டிக் உறையைத் திரும்ப மாட்டி, ஷோகேஸில் பீங்கான் பொம்மைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினார். எங்கள் பக்கம் நல்ல சாமானுக்கு அதுதான் இடம். விருந்தாளி வந்தால் "நம்ம பையனோடதுங்க" என்று கண்ணாடி வழியாகவே காட்டுவார்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு வெளியே எடுத்தால், உள்ளேயே விட்டிருந்த பேட்டரிக் கட்டைகள் கசிந்து, உள்கம்பியெல்லாம் பச்சை பூத்துப் போயிருந்தது. வண்டி அசையவில்லை. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இருந்தாலும் பாரு, ஒரு கீறல் உழுகல" என்றார், பெருமையாகவே.

என் மகள் ஜெனிக்கு இப்போது பத்து வயசு. எதையும் கேட்கிற பிள்ளை இல்லை. பள்ளிக்கூட மைதானத்தில் பெரிய பையன்கள் ரிமோட் பந்தய வண்டி விடுவதைப் பார்த்துவிட்டு வந்து, முதல்முறையாக வாய்திறந்து கேட்டாள். மண்ணில் குதித்து ஓடுகிற அந்த வண்டிக்கு "பக்கி" என்று பேர் என்றதும் என் மனைவி, "ஊட்டுல ஒரு பக்கி இருக்கறது பத்தாதுங்களா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்பாவோ, "புள்ள ரெண்டே நாள்ல ஒடைச்சுப்போடும்" என்று முடித்துவிட்டார். எனக்கும் அதே பயம்தான். வண்டி உடைந்தால் இன்னொன்று வாங்கலாம். ஆனால் கேட்டு வாங்கியதை உடைத்துவிட்டோமே என்று இவள் இனி எதையுமே கேட்காமல் போய்விட்டால்?

காந்திபுரத்துக் கடையில் என் கை நேராகப் போனது பளபளவென்று தங்கக் கோடு போட்ட வண்டிக்குத்தான். கடைக்கார அம்மா கேட்டார்: "ஏனுங்கண்ணா, ஓட்டறதுக்குங்களா, ஊட்டுல வெச்சுப் பாக்கறதுக்குங்களா?"

"ஓட்டறதுக்குத்தாங்க."

"அப்ப அத வெச்சுருங்க." அவர் கறுப்பாக, அழகே இல்லாத ஒன்றை எடுத்து, முன்சக்கரத்தைத் தாங்குகிற கையை விரலால் வளைத்துக் காட்டினார். அது வளைந்து திரும்ப நிமிர்ந்தது. "இது வளைஞ்சு குடுக்குமுங்க. அதுல பட்டுனு போயிரும். கை, சக்கரம், பல்சக்கரமெல்லாம் தனியாவே நம்மகிட்டக் கெடைக்கும். புதுசா ஓட்டற புள்ளைக்கு வேகம் வேண்டாமுங்க, இந்தச் சுவிட்சத் தட்டுனா பாதி வேகந்தான் போகும். ஓட்டி முடிச்சதும் பேட்டரியக் கழட்டிருங்க."

கடைசியாகச் சொன்னதை எனக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

ஜெனி மெதுவாக, "செவுத்துல மோதுனா என்னங்க ஆகும்?" என்றாள்.

"மோதறதுக்குத்தான் சாமி முன்னால இத்தாப்பெரிய பம்பர் வெச்சிருக்குது!"

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பின் மாதா கோயில் மைதானத்துக்குப் போனோம். அப்பாவும் வந்து பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்தார். ஜெனி இரண்டு வளைவை ஒழுங்காகத் திருப்பினாள். மூன்றாவதில் வண்டி நேராகப் போய்க் காம்பவுண்டுச் சுவரில் மோதி, எகிறிக் கவிழ்ந்து, நாலு சக்கரமும் வானத்தைப் பார்த்துச் சுற்றின. ஜெனி வண்டியைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

"ஒடைஞ்சு போச்சுங்களாப்பா?"

"பத்திரம் கண்ணு" என்று வாய் வரை வந்தது. முழுங்கிவிட்டேன். நடந்து போய் வண்டியை நிமிர்த்தி, முன்சக்கரக் கையைத் தொட்டுப் பார்த்தேன். அது தன் நிலைக்கு வந்திருந்தது. தரையில் வைத்து, "அழுத்து கண்ணு" என்றேன். மண்ணை வாரி என் வேட்டியில் அடித்துவிட்டு வண்டி பாய்ந்தது.

பின்னாலிருந்து அப்பாவின் குரல்: "ஏங்கண்ணு, இன்னொருக்கா மோத உடு பாக்கலாம். கொஞ்சம் வெரசா!"

"ரெண்டு நாள்னு நீங்கதானுங்கப்பா சொன்னீங்க?" என்றேன்.

"அட, நாங் கண்டனா" என்றவர் சேரை இன்னும் சுவர்ப்பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு ஒருநாள் வண்டியின் ஒரு சக்கரக் கை நிஜமாகவே உடைந்தது. புதுசு வாங்கி, சமையலறைத் தரையில் உட்கார்ந்து இரண்டு பேருமாகத் திருகி மாட்டினோம். இன்றைக்கு அந்த வண்டியின் மூக்கில் பெயின்ட் இல்லை, பக்கவாட்டு ஸ்டிக்கர் இல்லை, முள்ளுக்குள் பறந்துபோன பின்பக்க இறக்கைத் தகடு கிடைக்கவேயில்லை. மோதியதும் ஜெனி ஓடிப் போய்த் தானே நிமிர்த்துகிறாள். என் முகத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை.